பாலத்தில் சமாதானம் வைத்த தம்பிக்கு

கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனியின் கதைப் பிரிவில் தலைமை நாற்காலி பிடித்திருக்கும் என் அருமைத் தம்பிக்கு, உன் அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். உன் மாமா நலமா என்பதை அவருடைய அக்காவிடம்தான் நீ விசாரிக்க வேண்டும். போன வாரத்திலிருந்து அவர் அங்கேதான் சாப்பிடுகிறார், அங்கேதான் தூங்குகிறார், லிஃப்ட் ரிப்பேருக்கும் அங்கிருந்தே போய் வருகிறார். காரணம் நீ. போனில் சொல்லலாம்தான். ஆனால் "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லி நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, உன் மேஜை மேலேயே கிடந்து உன் உயிரை வாங்கும். முழுக்கப் படி.

நீ எழுதிய புது அத்தியாயம் வெளியான அன்று நான் பல் லேபில் அரை நாள் லீவு போட்டேன். யாரோ ஒரு பெரியவருடைய மேல்வரிசைப் பல்செட் மெருகு போட ஆளில்லாமல் மேஜையில் இளித்துக்கொண்டு கிடந்தது. அதையும் பார்க்காமல் ஓடி வந்தேன். எதற்கு? என் இரும்புக்கோட்டைக்காரர்களுக்கும் உன் மாமாவின் காட்டுக்கூட்டத்துக்கும் இத்தனை வருஷமாக நடக்கிற சண்டையில் இந்தத் தடவை யார் தலை உருளப்போகிறது என்று பார்க்க. வந்து உட்கார்ந்தால், எங்கள் சாம்பல் தளபதி ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார். முதல் அத்தியாயத்தில் பாதிக் காட்டை எரித்தவர் அவர். அப்போது அவர் பேசிய வசனம் மொத்தமே "கொளுத்து, அடுத்த வேலை என்ன?" என்பதுதான். அதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே மனிதர் இப்போது, "என் அப்பா என்னை ஒரு முறைகூடப் பாராட்டியதில்லை" என்று மூக்கை உறிஞ்சுகிறார். எதிரே காட்டு ராணி. எதிரிகளின் மண்டையோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வலி எனக்குப் புரிகிறது" என்கிறாள். புரியாமல் எப்படி இருக்கும், அந்த வலியில் பாதி அவள் கொடுத்ததுதானே. நடுவில் எனக்கு இரண்டு பொத்தான்கள் வேறு. ஒன்றில் "ஆறுதல் சொல்", இன்னொன்றில் "மௌனமாக உடனிரு". "வெட்டு" என்று ஒரு பொத்தான் எங்காவது ஒளிந்திருக்கும் என்று திரை முழுக்கத் தேடினேன். இல்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்த பிறகும் தளபதி தன் சின்ன வயசுக் கதையை முடிக்கவில்லை.

உங்கள் கதை இதற்கு முன்னாலும் கோணலாகப் போகாமல் இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் எல்லாரும் நக்கல் பேச ஆரம்பித்தார்கள். வாளை உருவினால் ஒரு ஜோக், செத்து விழும்போது ஒரு ஜோக். பொறுத்துக்கொண்டோம். அதற்கப்புறம் வானத்திலிருந்து பெரிய எதிரி ஒருவன் இறங்குவான், இரண்டு கூட்டமும் தோளில் கை போட்டுக்கொள்ளும், அவன் செத்ததும் ஏதோ ஒரு சப்பைக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி அடித்துக்கொள்ளும். இதையே உடைமாற்றி உடைமாற்றி நாலு தடவை ஓட்டினீர்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம், கடைசியில் எப்படியும் சண்டை திரும்பி வந்துவிடும் என்ற தைரியத்தில். நீ அந்தத் தைரியத்தின் தலையில்தான் கல்லைப் போட்டாய். இப்போது என் படைத்தலைவர், நிஜத்தில் பஸ் கண்டக்டர், ஒரு காலத்தில் அவர் விசில் அடித்தால் கோட்டைக் கதவே திறக்கும், அந்த மனிதர் உங்கள் அப்டேட் கொடுத்த தோட்டத்தில் பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பின்னாலேயே ஒரு படை முழுக்கக் கவசத்தோடு களை பிடுங்குகிறது. "என்னங்க இது" என்று கேட்டேன். "என்ன பண்றது, காய் நல்லா வருது" என்றார். இதைவிட ஒரு வீரனை அவமானப்படுத்த முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் கூடப் போகட்டும், விளையாட்டு உங்களுடையது, எதையாவது செய்து தொலையுங்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் நீ ஒரு பேட்டி கொடுத்திருக்கிறாய். எங்கள் லேபில் மெழுகு வேலை பார்க்கிற பெண் அதைப் போனில் சத்தமாக வாசித்தாள். "நான் வளர்ந்த வீட்டில் இரண்டு பேர் எதிரெதிர் அறைகளில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தச் சமாதானத்தை எழுதினேன்." வாசித்து முடித்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கா அந்தப் பாவப்பட்ட ரெண்டு பேரு?" என்று என்னிடமே கேட்கிறாள். குனிந்து ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்தேன், அது வெட்டுப்பல் அளவுக்கு ஆகிவிட்டது.

படிப்பு முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் இருந்து, எங்கள் சோற்றைத் தின்று, நீ பார்த்தது இவ்வளவுதானா? வெறுப்பாம். உன் மாமா முன்னறையில், நான் சமையலறை மேஜையில், அது உண்மை. ஏதாவது மனத்தாங்கல் வந்தால் நான் "பாலத்துக்கு வாங்க" என்பேன், விளையாட்டில் கோட்டைக்கும் காட்டுக்கும் நடுவே ஆற்றின் மேலிருக்கிற பாலத்துக்கு, அதுவும் உண்மை. அவர் கையிலுள்ள கிரீஸைக் கழுவிவிட்டு வந்து தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். உங்கள் விளையாட்டில் எதிரெதிர்க் கூட்டத்துக்காரர்கள் பேசிக்கொள்ள முடியாது என்று ஒரு சட்டம் இருந்ததே, நான் எதை அடித்தாலும் அவர் திரையில் ஒன்றும் புரியாத கூமுட்டை எழுத்தாகத்தான் போய் விழும், அந்தச் சட்டத்தை எழுதியவர் கையில் ஒரு தங்கக் காப்பு வாங்கிப் போடலாம். பேச்சே கிடையாது, வாள் மட்டும்தான். நம் அம்மாவை ரயிலடியில் போய் அழைத்து வர மறந்துவிட்டாரா, அவரை ஆற்றில் தள்ளுவேன், நீந்திக் கரை ஏறினால் மறுபடி தள்ளுவேன். அவருடைய முழங்கால் வலியை நான் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேனா, அவர் என்னை உயிரோடு கொளுத்துவார். மனசு ஆறியதும் நான் "சாப்பாடு வைக்கவா" என்பேன், அவர் "வை" என்பார். அவ்வளவுதான் சண்டை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு பாத்திரம் உருண்டது கிடையாது. பக்கத்து வீட்டுத் தையற்காரி தன் மகளிடம் எங்களைக் காட்டி, "பாரு, குடும்பம்னா இப்படி இருக்கணும்" என்பாள். அந்தக் குடும்பத்தைப் பார்த்துத்தான் உனக்குப் பரிதாபம் வந்திருக்கிறது. அந்தப் பேட்டியைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு வலிக்கிறது தம்பி, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் மாமா வாஷிங் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "இதோ வரேன்" என்று சொல்லிப் படுக்கப் போய்விட்டார். ஊரிலிருக்கிற லிஃப்டெல்லாம் அவர் கை பட்டால் ஏறி இறங்கும், வீட்டுச் சாமான் மட்டும் வயிற்றைத் திறந்து போட்டபடி கிடக்கும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பாலத்துக்கு வாங்க" என்றேன். வந்தார். நான் வாளை ஓங்கினேன். திரையில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. "எதிரில் இருப்பவர் சண்டைக்குச் சம்மதிக்கவில்லை. அவரிடம் பேசிப் பார்க்கலாமே?" உன் வாசகம்தானே அது, படித்ததுமே உன் குரல் கேட்டது. உன் மாமா சண்டைக்கான பொத்தானைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் பாவம், கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் தட்டியது முதல் தடவையாக என் திரையில் தமிழாக வந்து விழுந்தது.

"இப்ப பேசலாம் போலிருக்கே."

"பேச என்ன இருக்கு" என்று நான் அடித்தேன். அடித்திருக்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனிதர், முன்னறையில் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் நிற்கவேயில்லை. கல்யாணமான புதிதில் அவருக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்ததாம். நான் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்குமே என்று வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். "நீ ஒரு தடவை கூட அத பத்தி கேக்கல" என்று எழுதினார். எனக்கு அப்படி ஒரு வேலை வந்ததே தெரியாது. "சொன்னாதானே கேக்க முடியும்" என்றேன். "சொல்ல எங்க விட்ட? வாயைத் திறந்தா பாலத்துக்கு கூப்பிடற" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத்தான் தெரியுமே, "அப்போ போயிருக்க வேண்டியதுதானே" என்று அடித்துவிட்டேன். முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. சமையலறை வழியாக வந்தார், ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டார், "சரி, போறேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், போய்விட்டார். திரையில் அவருடைய ஆள் மட்டும் நீ கொடுத்த பூ வளையத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் அசையாமல் நின்றது. ஆத்திரத்தில் வெட்டப் பார்த்தேன். சம்மதம் இல்லை என்று உன் புறா மறுபடி வந்தது.

ஆகவே தம்பி, எனக்கு வேண்டியது இதுதான். அடுத்த அப்டேட்டில் சண்டையைத் திரும்பக் கொண்டு வா. காரணம் கிடைக்கவில்லை என்று சொல்லாதே, சப்பைக் காரணம் தேடுவது உங்களுக்குக் கைவந்த கலை. ராணி அவளுடைய அம்மாவின் மரத்தை எரித்தது யார் என்று இப்போதுதான் கண்டுபிடிக்கட்டும், இல்லையென்றால் தளபதியின் பூசணிக்காயை யாராவது திருடட்டும், எதுவானாலும் எனக்குச் சம்மதம். பேசுகிற வசதியை எடுத்துவிடு, கூமுட்டை எழுத்தைத் திருப்பிப் போடு. அவர் வீட்டுக்கு வர வேண்டும். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் அறிந்த ஒரே அழைப்பு அந்தப் பாலம்தான், அதில் நீ பூச்செடி நட்டுவைத்துவிட்டாய்.

வேளைக்குச் சாப்பிடு. முதுகை நிமிர்த்தி உட்கார். உன் கை ஓயாமல் எழுதட்டும், ஆனால் கொஞ்சம் ரத்தமும் சேர்த்து எழுதட்டும் என்று வாழ்த்துகிறேன். உன் மேலதிகாரிக்கு என் வணக்கத்தைச் சொல், கூட வேறு எதையும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா
இரும்புக்கோட்டை, இரண்டாம் காவல் அணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மாமா மாற்றுச் சட்டை எடுக்க வந்தார். மேஜையில் கிடந்த கடிதத்தை நின்றபடியே படித்தார், பாதியில் உட்கார்ந்தார். பூசணிக்காய் இடத்தில் சிரித்தார். முடித்துவிட்டு, "சண்டை திரும்பி வந்துதுன்னா நீ மறுபடியும் பாலத்துக்குதான் கூப்பிடுவே" என்றார்.

"கூப்பிட்டா வர மாட்டீங்களா?"

"வந்துடுவேன். அதான் வேண்டாங்கறேன்."

டீ போட்டு வைத்துவிட்டு, அந்தக் கிரேன் எவ்வளவு உயரம் என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம். கிரேன் முடிந்து, அவருடைய அக்கா கல்யாணத்தில் நான் முகம் கொடுத்துப் பேசாதது வந்தது, அது முடிந்து நான் அவருடைய பழைய செருப்பைத் தூக்கிப் போட்டது வந்தது. டீ ஆறி, சுட வைத்து, மறுபடி ஆறியது. எடுத்த சட்டையை அவரே அலமாரியில் திருப்பி வைத்தார். இப்போது குளிக்கப் போயிருக்கிறார், வந்து மிச்சத்தைச் சொல்கிறாராம்.

இவ்வளவு திட்டியது வீணாகக் கூடாது என்பதால் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். தளபதி அழுகிற காட்சி இப்போதும் கேவலம்தான், அதை வெட்டிவிடு. சமாதானத்தில் மட்டும் கை வைக்காதே. உங்கள் அடுத்த அத்தியாயத்தைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடு. அவர் சொல்ல வேண்டியதையே இன்னும் சொல்லி முடிக்கவில்லை, நான் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.