நோல்வியா எழுதிய சுல்தானா

"சரி, எந்த சுல்தானா?" என்று கேட்டார் மேயர் ஒஸ்மான் ராப்பலோ.

நகராட்சியில் எழுத்து வேலை பார்க்கும் நோல்வியாவுக்குத் தெரியவில்லை. அந்த மலையூரான சான் லாசரோவில் யாருக்குமே தெரியாது. 'மலைநாட்டின் சுல்தானா' என்பது ஊரின் செல்லப்பெயர். பேருந்தின் நெற்றியில், காப்பி மூட்டையில், கால்பந்துக் குழுவின் முதுகில் அது இருந்தது. ஒரு ரொட்டிக் கடைக்கும் ஒரு சலவை சோப்புக்கும் அதே பெயர். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கடல்களுக்கு அப்பால், நிஜமாகவே சுல்தான் ஆளும் ஒரு நாட்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. உலகத்தில் அந்தப் பட்டம் போய்ச் சேர்ந்த ஊர்களையெல்லாம் அங்குள்ள பண்பாட்டுக் கழகம் ஒன்று சுற்றிப் பார்க்கிறதாம். மூன்று வாரத்தில் இங்கே வருகிறார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த சுல்தானாவுக்கு மரியாதை செலுத்த வேண்டுமாம்.

"என் பேரைப் பார்த்தே அவங்களுக்கு ஏக சந்தோஷம். ஒஸ்மான்னு பெரிய அரச பரம்பரையே இருந்துச்சாமே."

"உங்களுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு ஐயா?"

"எங்கப்பாவுக்குப் பிடிச்ச கோல்கீப்பர். அதை விடுங்க. நாலு மணிக்குள்ள எனக்கு சுல்தானா வேணும், லிசென்சியாதா. அவங்க மனசு குளிர்ந்தா பஸ் நிலையம் கட்டித் தருவாங்க. பஸ் நிலையம் வந்தா உங்க வேலை நிரந்தரம்."

லிசென்சியாதா என்பது பட்டம் பெற்றவர்களுக்கான அழைப்பு. நோல்வியா பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம்தான் இருந்தாள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் எல்லோரையும் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். இப்போது யாராவது வெறுமனே நோல்வியா என்று கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை, ஆறு வருடமாக. நாற்பத்தொரு வயதில், தனியாக இருப்பவளுக்கு, நிரந்தரம் என்ற சொல் நெஞ்சுக்குள் எங்கோ போய் இடித்தது.

துணிக்கடை ஹலீலிடம் போனாள். பெரியவர்களை மரியாதையாகத் தோன் என்பது ஊர் வழக்கம், பெண்ணானால் தோனியா.

"தோன் ஹலீல், நீங்க துருக்கிக்காரர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"எங்க தாத்தா பெத்லகேம்காரர்மா. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போனவர். கப்பல் ஏறும்போது கையில துருக்கி சர்க்கார் காகிதம் இருந்துச்சு. அதைப் பார்த்துட்டு இந்த ஊரு துருக்கிக்காரன்னு சொன்னுது. நூறு வருஷமா நாங்க துருக்கிக்காரங்க. நான் துருக்கியை மேப்புலதான் பார்த்திருக்கேன்."

"அப்ப சுல்தானாவும் தெரியாதா?"

"சுல்தான் தெரியும். தாத்தா சொல்வார். ஆதியில அது ஆளோட பேரே இல்லையாம். அதிகாரம். வெறும் அதிகாரம். அது யார்கிட்ட இருக்குதோ, அந்த ஆளையே பின்னால அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அரபியில இருந்து பாரசீகம் போச்சு, துருக்கி போச்சு, ஜாவா வரைக்கும் போச்சு. இத்தாலிக்காரன் அதுக்குப் பொம்பளை வடிவம் பண்ணினான். ஸ்பானியக்காரன் கப்பல்ல ஏத்தி இங்க இறக்கினான்."

"ஆள் வராம பேரு மட்டுமா வந்துச்சு?"

"பேரு வந்துட்டா ஆள் கிடைக்காமயா போகும்?" என்று சொல்லித் துணியைச் சர்ரென்று கிழித்தார் ஹலீல்.

இரண்டு மணிக்கு நோல்வியா மேசையில் உட்கார்ந்தாள். ஒரு பத்தி எழுதினால் போதும், 'வரலாற்றில் தெளிவான சான்றுகள் இல்லை' என்று முடித்துவிடலாம் என்பதுதான் அவள் எண்ணம். நிமிர்ந்தபோது மணி மூன்றே முக்கால். நான்கு பக்கம். ஒரு திருத்தம் இல்லை.

இருநூறு வருடங்களுக்கு முன் கடற்கரையிலிருந்து ஏழு கோவேறு கழுதைகளோடு ஒருத்தி மலையேறி வந்தாள். தன் பெயரைச் சொல்லவில்லை. பன்றி இறைச்சி வைத்த தமால் என்ற சோளக் கொழுக்கட்டையைத் தொடவில்லை. கழுதைகளோடு யாருக்கும் புரியாத மொழியில் பேசினாள். அவள் ஒரு வேலையைச் சொன்னால் ஆட்கள் செய்துவிட்டார்கள், ஏன் செய்தோம் என்று அப்புறம்தான் யோசித்தார்கள். இப்படியே காய்ச்சல் பிடித்த ஊரை மேட்டுக்கு நகர்த்தினாள், கிணறு வெட்ட வைத்தாள். உலகம் சுற்றிய மாலுமி ஒருவன் அவளைப் பார்த்து, 'இவள் சுல்தானா' என்றான். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் அவளுக்கு இல்லை.

விரல் விஷயம் கதை மாதிரி இருக்கிறது என்று தோன்றியது. அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டு, புதிதாக அச்செடுத்து மேயரிடம் கொடுத்தாள். தன் இடது கை லேசாக மரத்திருந்ததை வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தாள்.

மறுநாள் காலை மேயர் நான்கு பக்கத்தையும் உள்ளூர் வானொலியில் வாசித்தார். பத்து மணிக்கு நகராட்சி வாசலில் வரிசை நின்றது.

"எங்க பாட்டியோட பாட்டிதான் அவங்களுக்குத் துணி துவைச்சா," என்றாள் தெருமுனையில் பலேயாதா ரொட்டி சுட்டு விற்கும் பெண். "கோபக்காரியாம். ஆனா கத்தவே மாட்டாளாம். பார்த்தா போதுமாம்."

"அந்த ஏழாவது கழுதை எங்க வீட்டுது," என்றார் ஒருவர். "திருப்பித் தரவே இல்ல."

மூன்று குடும்பங்கள் தாங்கள்தான் வாரிசு என்றன. மேயர் ஓட்டு அதிகமுள்ள குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தார். மனிதர்களுக்குப் பொய் எவ்வளவு சீக்கிரம் கைவருகிறது என்று நோல்வியா வியந்தாள். பொய்யை ஆரம்பித்தவள் என்ற முறையில் கொஞ்சம் கூச்சமும் வந்தது.

"கல்லறை எங்க?" என்றார் மேயர். "அவங்க பூ வைக்கணும்ல?"

"அது... பெரிய வெள்ளத்துல போயிடுச்சு ஐயா."

"நாம மலை உச்சியில இருக்கோம், லிசென்சியாதா."

"அப்படின்னா கல்லறைத் தோட்டத்து வட மூலையில இருந்திருக்கலாம்," என்றாள் அவசரமாக. வட மூலையில் உடைந்த பாட்டிலும் காய்ந்த மலர் வளையமும் தவிர எதுவும் கிடையாது. அங்கே ஒரு கல்லை நட்டுவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று கணக்குப் போட்டாள்.

கல் நட அஸ்திவாரம் வேண்டும். அடுத்த நாள் காலை வெட்டியான் திரான்சித்தோ இரண்டடி தோண்டினான், பாறை தட்டியது என்று பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தோண்டினான். பதினொரு மணிக்குத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நோல்வியாவின் மேசை முன் வந்து நின்றான்.

"உங்க ஆள் அங்கதான் இருக்காங்க."

"யாரு?"

"பெட்டி இல்ல, சிலுவை இல்ல. நம்ம ஜனங்க மல்லாந்து கிடப்பாங்க. இவங்க ஒருக்களிச்சு, கிழக்கே பார்த்துப் படுத்திருக்காங்க, தூங்கற மாதிரி. ஒரு விஷயந்தான் சங்கடமா இருக்கு. இடது கையில ரெண்டு விரல் இல்ல. நான் தொலைச்சிட்டேன்னு நினைக்காதீங்க, மண்ணைச் சலிச்சே பார்த்துட்டேன்."

"மோதிர விரலும் சுண்டு விரலுமா?"

திரான்சித்தோ தொப்பியை மறுபடி தலையில் வைத்தான். "நீங்க முன்னாடியே வந்து பார்த்தீங்களா? சொல்லியிருந்தா நான் பாறையோட மல்லுக்கட்டியிருக்க வேண்டாமே."

அன்று அவள் மதியம் சாப்பிடவில்லை. பொய் சொன்னவர்களுக்கு மாட்டிக்கொள்வோமோ என்று பயம். அவளுக்கு, மாட்டிக்கொள்ளவே மாட்டோமோ என்று பயம். அந்த நான்கு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்தாள். எந்த வாக்கியத்தில் தான் இருக்கிறோம் என்று தேடினாள். தட்டச்சு செய்த விரல்கள் அவளுடையவை. காகிதம் நகராட்சியுடையது. மற்றது?

மேயரிடம் போனாள். "ஐயா, அது நான் இட்டுக்கட்டினது. ஒவ்வொரு வரியும்."

"எலும்பையுமா இட்டுக்கட்டினீங்க?"

"எலும்பு எப்படி வந்துச்சுன்னு தெரியல."

"மண்ணுல இருந்து வந்துச்சு. வேற எங்க இருந்து வரும்?" மேயர் நெகிழ்ந்துபோயிருந்தார். "நான் என்னோட இருபது வருஷ அரசியல்ல இப்படி ஒரு அடக்கத்தைப் பார்த்ததில்ல. வேற யாராவதா இருந்தா தன் பேர்ல சிலையே வைக்கச் சொல்லியிருப்பாங்க." மேசை இழுப்பறையைத் திறந்து, அங்கேயே அவளுடைய நிரந்தர நியமன ஆணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். "பார்த்தீங்களா," என்றார் அறையிலிருந்த மற்றவர்களிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த ஆணை இரண்டு நாள் அவள் கைப்பையில் கிடந்தது. ஆறு வருடம் அதற்காகத்தான் ஏங்கினாள். இப்போது பையைத் திறக்கும்போதெல்லாம் யாரோ ஒருத்தியின் சம்பளத்தைத் திருடிக்கொண்டு வந்தது போலிருந்தது. வேலை போனால் வாடகைக்கு என்ன வழி என்று தெரியாது. ஆனால் தான் எங்கே முடிகிறோம், மற்றவள் எங்கே தொடங்குகிறாள் என்று தெரியாமல் தினமும் அந்த மேசையில் போய் உட்கார முடியாது. அது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினாள். இந்தத் தடவை வார்த்தை வரவில்லை. காப்பி ஆறியது. எழுதினாள், அடித்தாள், கிழித்தாள். ஒவ்வொரு சொல்லையும் தன்னிடமிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த வலி அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது. கஷ்டப்பட்டு வருவதால் இது தன்னுடையதுதான். பதினேழாவது தாளில் நின்றது:

'நான் எழுதிய சுல்தானா எங்கும் இருந்ததில்லை. யாரும் தேடி வராத ஒரு பெண் இந்த ஊரில் எப்படி வாழ்வாள் என்று யோசித்தேன். என்னைப் பார்த்தே எழுதினேன். அவளுக்கு நான் கொடுத்த துணிச்சல் மட்டும் என்னுடையது அல்ல. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என்னைப் பணியிலிருந்து விடுவித்துவிடுங்கள்.'

அதைப் படித்தபோது அழுகை வந்தது. இவ்வளவு உண்மையாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

திங்கட்கிழமை காலை பணியாளர் பிரிவுக்குப் போனாள். அங்கே முப்பது வருடமாக ஒரே ஆள், தோனியா தோமித்திலா. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவள். மேயர்கள் வருவார்கள், போவார்கள். தோமித்திலாவின் இரும்பு அலமாரி நகராது.

"என்ன லிசென்சியாதா, நிரந்தரம் ஆயிடுச்சாமே. கேக் எங்க?"

"இதை நீங்க பதிவு பண்ணணும். மேயர் நம்பமாட்டேங்கறார். காகிதத்துல இருந்தா நம்பித்தானே ஆகணும்."

தோமித்திலா வாங்கி, உதடு அசையப் படித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நீங்களே எழுதினதா?"

"நானேதான். ஒரு நாள் பூரா ஆச்சு. இதுல ஒரு வார்த்தைகூட இரவல் இல்ல தோனியா. என் வாழ்க்கையில நான் எழுதினதுல இது ஒண்ணுதான் என்னோடது."

தோமித்திலா எழுந்து போனாள். அலமாரி கிறீச்சிட்டுத் திறந்தது. மேல் தட்டிலிருந்து நூல் கட்டிய பழுப்பு உறை ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். உள்ளேயிருந்து மூன்று தாள்களை உருவி, நோல்வியாவின் தாளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். ஒன்று தொட்டெழுதும் பேனாவின் மையில், ஒன்று தட்டச்சில், ஒன்று நீல பால்பாயிண்ட்டில் இருந்தது. விரலை வரிவரியாக நகர்த்தி, நான்கையும் நிதானமாக ஒத்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கு," என்றாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு, முப்பத்தெட்டு, அறுபத்தேழுன்னு உங்க மேசையில இருந்த மூணு பேர் குடுத்த ராஜினாமாவும் வார்த்தைக்கு வார்த்தை இதேதான், நீங்க தேதியை மட்டும் போட்டுட்டுப் போங்க."