பத்தாயிரத்து ஒரு லட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. ஆனாலும் கணக்கில் என்னை அசைக்க ஒருவன் பிறக்கவில்லை என்று சொல்லித் திரிந்தேன். அது உண்மைதான். அசைத்தது ஒரு பெண்.

கடலூரில் ஒற்றை அடுப்போடு சமையல் கான்ட்ராக்ட் தொடங்கி, மூன்று மண்டபம் கட்டியவன் நான் (நாலாவது செம்மண்டலத்தில் எழும்புகிறது). மகனுக்குச் சிதம்பரத்தில் நிச்சயதார்த்தம். பெண் கணக்கில் எம்.எஸ்சி. சும்மா விடுவேனா? நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று ஒன்று கூட்டி வைப்பதுதானே நம் வழக்கம். பத்தாயிரத்து ஒரு லட்டு பிடித்து, லாரியில் கொண்டுபோய் இறக்கி, மைக்கைப் பிடித்தேன்.

“ரெண்டால வகு, அஞ்சால வகு, நூறால வகு, ஒண்ணு மிஞ்சும். மூணு, ஏழு, ஒம்போது, எதுல வகுத்தாலும் மிச்சம் நிக்கும். பொண்ணு மாப்பிள்ளையும் அப்படித்தான், எவனாலயும் பிரிக்க முடியாது. மிச்சமில்லாம யாராச்சும் பங்கு போட்டுக் காட்டுங்க, இன்னிக்குப் பந்தியில சாப்ட்ட எலையெல்லாம் நானே எடுக்குறேன்!”

(இருபது வரைக்கும் வகுத்துப் பார்த்திருந்தேன். அதற்கு மேல் எந்த எண்ணுக்குத் துணிச்சல் வரும்?)

மணப்பெண் தலை நிமிர்ந்தாள். “எழுவத்தி மூணு எலை போட்டு, எலைக்கு நூத்தி முப்பத்தேழு வச்சா சரியா வந்துடும் மாமா.”

சம்பந்திக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆளாளுக்கு செல்போனை எடுத்தார்கள்.

“செல்லு சொன்னா நம்பணுமா? எலையைப் போடு, லட்டை எண்ணு!” என்றேன்.

இரண்டு குடும்பமும் தரையில் உட்கார்ந்து எண்ணியது. எழுபத்திரண்டு இலை கச்சிதம். கடைசி இலையில் நூற்று முப்பத்தாறு!

“பாத்தீங்களா! ஒண்ணு கொறையுது! வகுபடல!” என்று குதித்தேன்.

பக்கத்தில் நின்ற என் மச்சானுக்கு (மனைவியின் தம்பி, மேல்பட்டாம்பாக்கம்) ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

“டேய், வாயத் தொற,” என்றாள் என் மனைவி.

“உப்பு பாத்தேங்க்கா.”

லட்டுக்கு உப்பு!

சம்பந்தி கையைப் பிடித்துக்கொண்டார். “வெளையாட்டுக்குச் சொன்னது சம்பந்தி, விட்டுடுங்க.”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

பந்தி முடிந்ததும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, அத்தனை எச்சில் இலையையும் எடுத்தேன். மாப்பிள்ளைக்கு அப்பன்! அந்தப் பெண் ஓடிவந்து ஓர் இலையில் கை வைத்தாள்.

“நீ உக்காரும்மா. ஜெயிச்சவங்க எலை எடுக்கக் கூடாது.”

தோற்றேன் என்று நினைக்காதீர்கள். எழுபத்து மூன்று பங்கு எந்த ஊரில் போடுகிறார்கள்? அது ஒரு எண்ணா?

கல்யாணத்துக்குப் பத்தாயிரத்து ஏழு லட்டு பிடித்தேன். இன்றும் எந்த விருந்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள், “எலைய மடிச்சு வைங்கப்பா, மாமா எடுக்க வருவாரு,” என்று சிரிப்பார்கள். நானும் சளைக்காமல், “பத்தாயிரத்து ஏழை வகுத்துட்டு வா, எடுக்குறேன்,” என்பேன். இதுவரை ஒருவனும் வரவில்லை. வரவும் முடியாது. அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது மருமகள் (அதை மட்டும் நான் மைக்கில் சொல்வதில்லை).