மாப்பிள்ளையின் தலைகீழ்க் காசு

சோபா கடை மாடியில் காசு ஜோசியர் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து கீழே ஒரு சோபாகூட விற்கவில்லை. வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் எல்லாம் அவற்றில் ஓசியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். படித்தவர், படிக்காதவர், படித்ததை மறந்தவர் என்று படிக்கட்டு பிதுங்கி வழிந்தது. மூன்றாவது வகையில் என் அத்தான், அதாவது அக்கா புருஷனும் ஒருவர். ஆடிட்டர். ஊரார் கணக்கில் ஒரு புள்ளி இடித்தாலும் தூக்கம் வராத மனிதர்.

ஜோசியம் ரொம்ப எளிமை. உங்கள் பையில் இருக்கும் ஒரு காசை நீட்ட வேண்டும். ஜோசியர் அதன் தலைப் பக்கத்தை நேராகப் பிடித்துக் காட்டுவார். பிறகு திருப்புவார். பின்பக்கத்து எண் நேராக நின்றால் உங்கள் விதி நேர். தலைகீழாக நின்றால் விதியும் தலைகீழ். இதைக் கண்டுபிடிக்க ஒரு மகான் பிறக்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

தலைகீழாக நின்றாலும் பயமில்லை, பரிகாரம் உண்டு. காசைக் கறுப்புத் துணியில் சுற்றி, வாய்க்குள் எதையோ மென்று, மறுபடி திருப்புவார். அதே காசு, அதே எண், இப்போது நேராக நிற்கும். கூட்டம் கண் கலங்கும். நோட்டு கை மாறும். பக்கத்து மேஜையில் ஜோசியரின் மச்சான் போட்டோக்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கல்யாணத் தரகர்.

நாங்கள் போனதும் ஒரு கல்யாண விஷயமாகத்தான். என் அக்கா மகள் பல் டாக்டர். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இருவரும் விரும்பி, இரண்டு வீடும் சம்மதித்து, மண்டபமும் பிடித்தாயிற்று. அந்த நேரத்தில் யாரோ அத்தானின் காதைக் கடித்துவிட்டார்கள். பஸ்சுக்குச் சில்லறை வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் வாங்கிய காசை அத்தான், மாப்பிள்ளையுடையது என்று சொல்லி, பயபக்தியோடு நீட்டினார்.

"தலைகீழா நிக்குதே" என்றார் ஜோசியர்.

"பரிகாரம் பண்ணிடலாமா?"

"இந்தக் காசுக்கு எடுபடாது. இந்த இடத்தை விட்டுடுங்க. நம்ம மச்சான்கிட்ட நல்ல வரன் இருக்கு. எல்லாம் நேர் காசு."

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா மகள் கேட்டது ஒரே கேள்வி. "காசை எந்தப் பக்கமா திருப்பினார்ப்பா?"

"எந்தப் பக்கமா திருப்பினா என்னம்மா? விதி விதிதான். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. துக்கத்தைவிடக் கோபம்தான் அதில் அதிகம். "சொல்றதுக்கு முன்னாடி என் காசையும் அவர் ஒரு தடவை பார்க்கட்டும்" என்றாள்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. காசு அடிக்கும்போது எப்போதாவது மெஷினில் அச்சு தளர்ந்து சுற்றிக்கொள்ளும். அப்போது பின்பக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ விழுந்துவிடும். அப்படிப்பட்ட காசுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பாள். நாள் முழுக்கக் கோணல் பல்லை நேராக்குகிறவள், வீட்டுக்கு வந்தால் கோணல் காசைக் கொஞ்சுவாள்.

மறுநாள் அதில் ஒன்றை எடுத்து ஜோசியரிடம் கொடுத்தாள். டாக்டரம்மா என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. தலைப் பக்கத்தைக் காட்டினார், திருப்பினார். எத்தனையோ காசு பார்த்த கை அல்லவா, அதனால் காசைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார்.

"பாரும்மா, தலைகீழ். பெரிய பரிகாரம் தேவைப்படும்."

முன்னால் நின்ற சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஐயா, நேராத்தானே நிக்குது?"

ஜோசியர் குனிந்து பார்த்தார். வியர்த்தது. சட்டென்று துணியைச் சுற்றினார், முணுமுணுத்தார், திருப்பினார். இப்போது எண் தலைகீழாக நின்றது.

"நல்லா இருந்ததைப் பரிகாரம் பண்ணிக் கெடுத்துட்டாரே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்துவிட்டது.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் உங்க காசை எடுங்க. தலைப் பக்கத்தை நேரா பிடிங்க. புத்தகத்துல பக்கம் புரட்டுற மாதிரி பக்கவாட்டுல திருப்புங்க. எண் நேரா நிக்குதா? மறுபடி தலைப் பக்கம் வாங்க. இப்ப சுவர்க் காலண்டர் தாளைத் தூக்குற மாதிரி கீழேருந்து மேல திருப்புங்க."

மாடியிலும் படிக்கட்டிலும் காசுகள் புரண்டன. அத்தனை பேருடைய விதியும் ஒரே நேரத்தில் தலைகீழானது.

"நம்ம காசு எல்லாமே அப்படித்தான். முதல்ல காலண்டர் மாதிரி திருப்புவார், துணிக்கு அப்புறம் புத்தகம் மாதிரி. அவ்வளவுதான் பரிகாரம். என் காசுல அச்சே தலைகீழா விழுந்திருக்கு. அதான் அவர் வித்தை மாறிப் போச்சு."

அவள் பேசி முடிப்பதற்குள் ஜோசியரும் மச்சானும் பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்கள். போட்டோக்கள் மட்டும் மேஜையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சைக்கிள் கடைக்காரர் அவள் முன்னால் பணிவாக வந்து நின்றார்.

"அப்போ நிஜமான சக்தி உங்க காசுலதாம்மா இருக்கு. ஒரு தடவை தொட்டுக்கட்டுமா?"

அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை உருவாகியிருந்தது.

"மெஷினுல ஏதோ கழண்டதுக்கு இங்க வரிசையில நிக்கிறீங்களே" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டில் நின்றிருந்த அத்தான் ஓடி வந்தார். மாப்பிள்ளையின் காசைப் புத்தகம் போலத் திருப்பிப் பார்த்திருக்கிறார். முகமெல்லாம் பல். "நேரா நிக்குதும்மா. கல்யாணத்தை நடத்திடலாம்."

"காசு நேரா நிக்குதுன்னு நடக்குற கல்யாணம் எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள் அவள். "உங்க ஆபரேஷனப்போ வாரம் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சுல படுத்துக் கிடந்தாரே, அந்த மனுஷனைப் பார்த்துச் சம்மதிச்சீங்க. அது இப்போ எங்க போச்சு?"

அத்தான் காசைப் பையில் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். "மாப்பிள்ளை, வீட்டுக்கு வாங்க. பத்திரிகைக்கு வாசகம் எழுதணும், நீங்களும் கூட இருங்க" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

சைக்கிள் கடைக்காரர் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார். அவருக்கும் அவர் பின்னால் நிற்கும் மகாஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. காசுக்கு இருப்பது இரண்டே பக்கம். பார்க்க உங்களுக்கு இருப்பதும் இரண்டு கண். நடுவில் மூன்றாவது ஆள் எதற்கு?