பத்துக் கிலோ குறைச்சல்

வண்டி தொண்ணூறு கிலோ கூடியிருந்தது.

சேதுபதி சீட்டை இன்னொரு தரம் பார்த்தார். எடைமேடை பொய் சொல்லாது. அதுவும் அவருடைய சொந்த எடைமேடை. முதலாளியிடமே பொய் சொல்ல அதற்குத் துணிச்சல் வராது. திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையில் இருபத்திரண்டு வருஷமாக லாரிகளை நிறுத்தி எடை போட்டுச் சீட்டுக் கொடுத்து வருகிறவர் அவர். லாரிக்காரன் வழியில் இறங்கி வெற்றிலை எச்சில் துப்பிவிட்டு வந்தால், போன சீட்டையும் இந்தச் சீட்டையும் ஒத்துப் பார்த்து எவ்வளவு துப்பினான் என்று சொல்லிவிடுவார் என்பார்கள்.

"கருப்பணா, கட்டில் மட்டுந்தானே போட்ட?"

"கட்டில்தாண்ணே."

"கட்டில் எப்படிடா தொண்ணூறு கிலோ வரும்?"

கருப்பணன் பக்கத்து கிரில் பட்டறைக்காரன். மில் கேட், மண்டபத்துக் கேட், மாடி வீட்டுக் கேட் எல்லாம் அவன் கைவேலை. எந்தக் கேட் செய்தாலும் அதில் இரண்டு மயில்கள் எதிரும் புதிருமாக நிற்கும். சேதுபதியின் வண்டிக்குள் போட்ட கட்டிலிலும், தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு என்று நின்றன.

"யானை படுத்தாலும் தாங்கும்ணே."

"யானை எதுக்குடா படுக்குது? நானும் உங்க மதினியுந்தான் படுக்கப் போறோம்."

கருப்பணன் இருவரையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டான்.

இந்தப் பாடுகளுக்கெல்லாம் மூலகாரணம் ஒரு டிராக்டர். மூன்று வருஷத்துக்கு முன் சேதுபதி தம்முடைய சின்னக் காரை ஆத்தூர் அணைக்கரை மணலில் இறக்கிவிட்டார். கார் புதைந்தது. மனைவி சொர்ணலட்சுமியின் தம்பி ராஜ்கமல் ரெட்டியார்சத்திரத்திலிருந்து டிராக்டர் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தான். இழுத்ததோடு விட்டானா? பதினொரு கல்யாணம், இரண்டு காதுகுத்து, ஒரு கருமாதி என்று உறவு கூடிய இடமெல்லாம், "நம்ம மச்சானை மணல்லேர்ந்து உருவி எடுத்தேன் பாருங்க" என்று ஆரம்பித்தான். கருமாதி வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சேதுபதி ஒரு முடிவுக்கு வந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி ஒன்று வாங்குவது. சாதாரண நேரத்தில் பின்சக்கரம் இரண்டும் தள்ளும். சின்னதாக ஒரு கியர்க் கம்பியைப் போட்டால் முன்சக்கரங்களும் கூடச் சேர்ந்துகொள்ளும். மணல், சேறு, பாறை எதுவும் பொருட்டில்லை. அதிலேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திக்கொண்டு காடு, மலை, பாலைவனம் என்று நாற்பது நாள் சுற்றுவது. ராஜ்கமலின் குரலும் டிராக்டரும் எட்டாத தூரம்.

சொர்ணலட்சுமி மறுக்கவில்லை. சாப்பாடு போட்டுக்கொண்டே ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

"இந்த வண்டியையும் என்னைக்காவது ஒரு டிராக்டர் வந்து இழுத்துச்சுன்னா, அங்கனயே சாவியக் குடுத்துரணும். என் தம்பி வெங்காயம் ஏத்திக்கிடுவான்."

சேதுபதி மறுநாள் அவளை எடைமேடைக்கு அழைத்துப்போய், பத்துக் கிலோ எடைக்கல்லின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அந்தக் கல்லின் மேல் அவர் அதுவரை பொய் சொன்னதில்லை.

கதை கட்டிலில் நிற்கிறது. மயில்களை வெட்டச் சொன்னார் சேதுபதி. வெட்டியதும் கட்டில் ஆடியது. மயில்தான் அதன் பலமே என்றான் கருப்பணன். ஆட்டம் நிற்கக் குறுக்குச் சட்டம் போட்டான். சட்டம் மயிலைவிட எட்டுக் கிலோ கூட வந்தது.

பிறகு அடுப்பு. பின்கதவைத் திறந்தால் இழுப்பறை மாதிரி வெளியே வர வேண்டும் என்று கேட்டார். வந்தது. ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது கதவைத் தள்ளிக்கொண்டு தானாகவே வந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் பக்கவாட்டில் வந்து, டீ போடுவீர்களா, சாப்பாடு மட்டும்தானா என்று விசாரித்துவிட்டுப் போனார். கருப்பணன் அதற்கு மண்டபத்துக் கேட்டுக்குப் போடும் தாழ்ப்பாளைப் போட்டான். ஏழு கிலோ.

பிறகு எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதைப் பின்னால் வைத்ததும் வண்டி குந்தி உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக்கொண்டது. முகப்பு விளக்கைப் போட்டால் சாலை தெரியவில்லை. மாடி வீட்டு ஜன்னல்கள் தெரிந்தன. மூன்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

சேதுபதிக்குப் பொறுமை போய்விட்டது. "தொட்டியத் தூக்கி வண்டிக்கு அடியில, நடுவுல மாட்டு. பத்துக் கிலோவாவது குறையணும். குறையாம வண்டிய என் மேடையில ஏத்தாத."

"நாளைக்குச் சாயங்காலம் வாங்கண்ணே. எடம் பண்ணி மாட்டிர்றேன்."

மறுநாள் சாயங்காலம் எடை போட்டார். தொட்டி அதே தொட்டி, தண்ணீர் அதே தண்ணீர். சரியாகப் பத்துக் கிலோ குறைந்திருந்தது. வண்டி வேலை ஆரம்பித்த எட்டு மாசத்தில் முதல்முறையாகச் சேதுபதி சிரித்தார்.

"எங்கடா குறைச்ச?"

"அங்கங்கண்ணே. வேலை பாக்காம சும்மா கெடந்த இரும்பாப் பாத்து எடுத்துட்டேன்."

இந்தக் கொள்கையை வீட்டுக்கும் விரித்தால் முதலில் எடுக்கப்பட வேண்டியவன் ராஜ்கமல்தான் என்று சேதுபதிக்குத் தோன்றியது. அந்த மகிழ்ச்சியில் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கடைசி வேலை நிழல் பந்தல். வண்டியின் பக்கவாட்டில் துணியை விரித்து, அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அதைத் தாங்க வண்டியிலிருந்து ஒரு கை நீள வேண்டும். அலுமினியக் கம்பி காற்றில் வளைந்தது. பிளாஸ்டிக் குழாய் முறிந்து சொர்ணலட்சுமியின் தலையில் விழுந்தது. அவள் தம்பிக்குப் போன் போட்டு, வெங்காயம் இப்போது என்ன விலை என்று கேட்டாள்.

மறுவாரம் கருப்பணன் ஒரு கம்பி கொண்டுவந்து மாட்டினான். இரண்டு முழ நீளம், நல்ல கனம். கேட் வேலையில் மிஞ்சிய மயில் பச்சை அடித்திருந்தான். இரண்டு முனையிலும் மூட்டு இருந்தது; எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடங்கியது. இழுத்தால் கொஞ்சம் நீளவும் செய்தது. பந்தலுக்கென்றே எவனோ வெளிநாட்டில் உட்கார்ந்து யோசித்துச் செய்தது போலிருந்தது.

"எங்க பிடிச்ச இத?"

"நம்ம பட்டறையிலயே கெடந்துச்சுண்ணே."

எடை போட்டார். குறைந்திருந்த பத்துக் கிலோ திரும்பி வந்துவிட்டது. சேதுபதி பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் கம்பியை விட மனசு வரவில்லை.

நாற்பது நாள் பயணத்துக்கு முன்னால் மூன்று நாள் ஒத்திகை என்று முடிவாயிற்று. சித்தையன்கோட்டை தாண்டி ஆற்றோரம், தெரிந்தவர் தென்னந்தோப்பை ஒட்டிய மணல்திட்டு. வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தார்கள். அடுப்பு வெளியே வந்தது, கேட்ட பிறகுதான் வந்தது. பந்தல் விரிந்தது. சொர்ணலட்சுமி ஆற்றில் குளித்துவிட்டு வந்து, ஈரச் சுங்குடிச் சேலையைப் பச்சைக் கம்பியில் காயப்போட்டாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். தென்னை ஓலைச் சத்தத்தைக் கேட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

சேதுபதி இன்னும் இரண்டு இட்லி போட்டுக்கொண்டார். அத்தோடு அவர் பேசாமல் இருந்திருக்கலாம். வெயில் நகர்ந்ததால் வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தப் போனார். பத்தடிதானே என்று சேலையை எடுக்கவில்லை. பந்தல் துணியை மட்டும் சுருட்டினார். ஐந்தாவது அடியில் பின்சக்கரம் மணலில் இறங்கியது.

அவர் பதறவில்லை. மூன்று வருஷமாகக் காத்திருந்த நேரம் இது. மாப்பிள்ளை தாலியை எடுப்பது போல அந்தச் சின்ன கியர்க் கம்பியைப் பிடித்துப் போட்டார். நாலு சக்கரமும் வேலைக்கு வந்துவிட்டன என்று பச்சை விளக்கும் எரிந்தது. மிதித்தார். பின்சக்கரம் இரண்டும் கிணறு வெட்டின.

"முன்னாடி சக்கரம் சும்மாவே நிக்குதுங்க" என்றாள் வெளியே நின்ற சொர்ணலட்சுமி.

"அது உள்ளுக்குள்ள இழுக்கும். வெளிய தெரியாது."

இன்னும் மிதித்தார். வண்டி இன்னும் இறங்கியது. எடைமேடைக்காரருக்கு உலகத்தில் எல்லாத் துன்பமும் எடையால் வருவது. எண்பது லிட்டர் தண்ணீரையும் திறந்துவிட்டார். மிதித்தார். அரிசி மூட்டை, அடுப்பு, கட்டில் ஒவ்வொன்றாக இறக்கி மணலில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதி, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சாண் ஆழம். மனைவியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். நான் வெளியேதானே நிற்கிறேன் என்றாள். உன் பாரத்தில் மணல் அழுந்துகிறது என்று சொன்னார். அவள் தள்ளிப் போய், மணலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு சடையாண்டி என்பவர் டிராக்டரில் வந்தார். முன்னே தாண்டிக்குடி மலையில் பதினைந்து வருஷம் ஜீப் ஓட்டியவர். மணலில் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்து, வீடு மாற்றுகிறார்கள் என்று நினைத்தாராம்.

"கட்டி இழுத்துரவா சார்?"

"வேணாம். இது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி."

"அப்ப சரி" என்று சடையாண்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு தேங்காயை உடைத்துத் தின்றபடி உட்கார்ந்தார். முழுத் தேங்காயும் தீர்ந்தது. வண்டியின் பின்கதவு மணலைத் தொட்டது. கொடைக்கானல் மலைப்பக்கம் கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது.

"மேல பேயுது சார். செத்த நேரத்துல ஆத்துல வெள்ளம் வந்துரும். அப்புறம் டிராக்டரும் ஒண்ணும் பண்ண முடியாது."

சேதுபதி மலையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் உள்ளங்கையை நீட்டினாள். எட்டு மாசத்து உழைப்பும் ராஜஸ்தான் பாலைவனமும் இமயமலையும் ஒரு சாவிக்கொத்தாகச் சுருங்கி அந்தக் கையில் விழுந்தன.

"தம்பி" என்றாள் அவள் போனில். "வெங்காயச் சாக்க எடுத்து வையி. உனக்கு இன்னொரு கல்யாணத்துக்குக் கதை கிடைச்சிருச்சு."

சடையாண்டி சங்கிலியோடு முன்பக்கமாக வண்டிக்கு அடியில் படுத்து நுழைந்தார். சங்கிலி மாட்ட ஒரு நிமிஷம் போதும். அவர் ஐந்து நிமிஷம் வரவில்லை. டார்ச் லைட் கேட்டு வாங்கினார். பிறகு முதுகெல்லாம் மணலோடு, சங்கிலியை மாட்டாமலேயே வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சேலைக்கு முன்னால் வந்து நின்று, பச்சைக் கம்பியின் மூட்டை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்தார்.

"அக்கா, சேலைய எடுத்துட்டு இந்தக் கம்பியக் கழட்டிக் குடுங்க, முன்சக்கரத்த இழுக்குறதே இதுதான், அடியில தொட்டி இருக்குற எடத்துல மாட்டிட்டா டிராக்டரே வேணாம்."