பிளானெட் எஞ்சின் புராணம்

மாக்கிறேட்டுக்குத் தருமராசா அறுநூறு டொலர் கடன். இரண்டாயிரத்து ஒன்பதில், "அடுத்த கிழமை தாறன் பிள்ளை" என்று சொல்லி வாங்கியது. அந்த அடுத்த கிழமை இரண்டு வருடமாகியும் சிட்னிக்கு வந்து சேரவில்லை.

கடன்காரரில் பல இனம் உண்டு, வாசகரே. உங்களைக் கண்டதும் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறவர் ஓர் இனம். அவருக்காவது கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. தருமராசாவின் இனம் ஒளியாது. வாசலில் நின்று வரவேற்கும், கதிரை போடும், தேத்தண்ணி தரும், பிறகு சரித்திரம் சொல்லத் தொடங்கும். காசு என்று வாயெடுத்தீர்களோ, ஆயிரத்து எண்ணூற்று முப்பதாம் ஆண்டுக்குள் புகுந்துவிடும். அங்கே போய் ஆளைப் பிடிப்பது எப்படி?

இவருடைய சரித்திரம் பிளானெட். ஸ்டீவன்சன் கொம்பனி இங்கிலாந்தில் கட்டிய ஆதிகால நீராவி ரயில் எஞ்சின் வகை. தருமராசா கரியைக் கையால் தொட்டவரல்ல. வெஸ்ட்மீட்டிலிருந்து பக்கத்தில் இருக்கும் பரமட்டாவுக்குப் போவதென்றாலும் ரயில் வேண்டாம், மகன் காரெடுக்க வேண்டும். ஆனால் அந்த எஞ்சினைத் தானே பெற்று வளர்த்தவர் மாதிரிப் பேசுவார். மாக்கிறேட்டின் அறுநூறும் அதன் பித்தளைப் பொம்மையாகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. பெரிய படிப்பாளி! பள்ளிக்கூடத்தில் மழைக்கு மட்டும் ஒதுங்கிவிட்டு, சொந்தக் கையால் உழைத்து, வீடு வாங்கி, ஒருவருக்கும் ஒரு சதம் பாக்கியில்லாமல் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம்! எங்களுக்கு ஓர் எஞ்சினின் பெயரும் தெரியாது. தெரியாததால் என்ன குறைந்துபோனது?

அன்று மாக்கிறேட் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை முடித்து நேரே தருமராசா வீட்டுக்கு வந்திருந்தாள். படகில் வந்து தடுப்பு முகாமில் கிடந்த தம்பி றெக்சன் தற்காலிக விசாவோடு மறுநாள் வெளியே வருகிறான். அவள் இருப்பதோ பெண்கள் பங்கு போட்ட வீடு. அவனுக்கென்று ஓர் அறை பார்த்திருந்தாள். ஐந்து மணிக்குள் முற்பணம் கட்டாவிட்டால் அறை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அண்ணை, இண்டைக்குக் காசு கட்டாயம் வேணும். தம்பிக்கு அறை..."

"காசு எங்க ஓடப்போகுது பிள்ளை, இரும். ரொக்கெட் ரொக்கெட் எண்டு பிளானெட்டுக்கு முந்தின எஞ்சினைச் சொல்லி உலகமே கத்துது. ரொக்கெட்டின்ர சிலிண்டர் வெளியில, குளிர் காத்திலயல்லோ கிடந்தது? பிளானெட்டில அதைத் தூக்கி உள்ளுக்கு வைச்சாங்கள், புகைப்பெட்டிக்குக் கீழ, சூட்டில. அங்கதான் விசயமே இருக்குது!"

முதல் வசனத்திலேயே மனைவி பவளராணி குசினிக்குள் போய் மிக்சியைப் போட்டுவிட்டாள். மகன் லதீஸ் காதில் வயரைச் செருகிக்கொண்டான். ஒருகாலத்தில் சனிக்கிழமைகளில் நிறைந்திருந்த கதிரைகள் எல்லாம் காலி. சரித்திரம் அத்தனை பேரையும் துரத்தியிருந்தது. மிஞ்சியது மாக்கிறேட் மட்டும். கடன் கொடுத்தவள் அல்லவா, வராமல் என்ன செய்வாள்?

"பிறகு பாரும், அந்த வளைஞ்ச அச்சு..." தருமராசாவின் குரல் தழுதழுத்தது. தன் தகப்பன் செத்ததைச் சொல்லும்போதும் இப்படித் தழுதழுத்ததில்லை. "ஒருநாள், ஓடிக்கொண்டிருக்கேக்குள்ள..."

மாக்கிறேட் எழும்பி வாசலுக்குப் போனாள்.

"எங்க போறீர்? அச்சு உடையப்போகுது!"

"உடையட்டும். எனக்குக் கேக்க நேரமில்லை."

"அஞ்சு நிமிசம் இரும் பிள்ளை."

"இருக்கிறன். காசை எண்ணுங்கோ. எண்ணுமட்டும் கேப்பன்." கையை நீட்டினாள்.

தருமராசா அவள் கையைப் பார்த்தார், காலிக் கதிரைகளைப் பார்த்தார். உள்ளே போனார். காசு இருந்தது! அடுத்த பொம்மை எஞ்சினுக்கென்று அலுமாரிக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஐம்பது விழுந்தது, அச்சு உடைந்தது. நூறு விழுந்தது, புது அச்சுப் போட்டார்கள். எஞ்சின் லிவர்பூலில் மான்செஸ்டருக்கு வெளிக்கிட்டதும் கதை சூடுபிடித்து, தாள் அந்தரத்தில் நின்றது. மாக்கிறேட் வாசலைப் பார்த்தாள். தாள் உடனே விழுந்தது.

"கேக்கிறீரோ?"

"ஓம், கேக்கிறன். முந்நூற்றைம்பது."

சிரிக்கிறீர்களா, வாசகரே? கொஞ்சம் பொறுங்கள். "சிலிண்டரை உள்ளே வைத்ததில் பிளானெட் முதலாவதல்லவே, அதற்கு முன்னர் வேறொன்று..." என்று உங்கள் நாக்கு அரித்ததா? இந்த அறைக்குள் வந்து எங்களைத் திருத்த வேண்டும் போலிருந்ததா? அப்படியானால் வீட்டில் கதிரைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.

ஐந்நூறு. ஐந்நூற்றைம்பது. தருமராசா கடைசித் தாளை விரலுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதையில் பாதிவழியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். மாக்கிறேட் கதவுப் பிடியில் ஒரு கையை வைத்தாள். மற்றக் கை விரிந்தபடியே இருந்தது.

அறுநூறாவது டொலர் உள்ளங்கையில் வந்து படுத்தபோது எஞ்சின் இன்னும் மான்செஸ்டர் போய்ச் சேரவில்லை.