டிரம் இல்லாத ஆல்பமும் கோபித்துக்கொண்டு போன டாக்டரும்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகள் பையோடு அங்கே வந்து உட்கார்ந்த பிறகு அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடுகிறது. இங்கே எல்லோரும் நலம், என் கட்டைவிரலைத் தவிர.

அவள் உன்னிடம் என்ன சொன்னாளோ, நடந்ததை நான் சொல்கிறேன். நானும் அவளும் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்தப் பாடகி இருக்கிறாளே, அவளுடைய முதல் ஆல்பத்தைத்தான் கிளினிக்கில் நாள் முழுக்கப் போடுவேன். ரசனை ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். டிரம் அதிர்கிற அதிர்வில் பல் குடையும் மெஷின் சத்தம் யார் காதிலும் விழாது. இப்போது இரண்டாவது ஆல்பம் வந்திருக்கிறது. டிரம்மே இல்லை! ஒரு பியானோ, அதுவும் நினைத்துக்கொண்டால்தான் ஒலிக்கிறது. தூங்குகிற குழந்தை எழுந்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி பாடுகிறாள். போட்ட முதல் நாளே மெஷின் சத்தம் வாசல்வரை கேட்டு, காத்திருந்த இரண்டு பேர் சொத்தைப் பல்லோடு ஓடிவிட்டார்கள்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் போனில் ரசிகர் குழுவில், "முதுகில் குத்திவிட்டாள், துரோகி!" என்று எழுதினேன். அவ்வளவுதான், குழு இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் "கரெக்ட் அண்ணே" என்றார்கள். மீதிப் பேர் ஆளாளுக்கு என்னைக் காய்ச்சி எடுத்தார்கள். "காது கேக்கலைன்னா டாக்டரைப் பாருங்க" என்றது ஒரு பதில். நானே டாக்டர்தான் என்றேன். "பல்லுக்குத்தானே?" யாரென்று பார்த்தால், பக்கத்து நாற்காலியில் பல் பார்க்கும் என் மகள்!

பிறகு நேரிலேயே ஆரம்பித்துவிட்டோம்.

"அவங்க குரல் எங்கேயும் போகலப்பா. கத்துறதை நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான்."

"நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்கு எஞ்சினை மாத்தணும்?"

"அவங்க வண்டி இல்லப்பா, மனுஷி. எத்தனை வருஷம் ஒரே மாதிரி பாடுவாங்க?"

நடுவர் வேண்டுமே என்று, என் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த பேங்க் மேனேஜரைக் கேட்டேன்: "நீங்களே சொல்லுங்க சார், புதுசு நல்லாவா இருக்கு?" கேட்டது தப்பில்லை, மரத்துப்போக வைக்கும் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டதுதான் தப்பு. மனிதர் இல்லையென்று வேகமாகத் தலையாட்ட, ஊசி என் கட்டைவிரலில் இறங்கியது. அவருக்குப் பல் வலித்தது, எனக்கு விரல் மரத்தது. மகள் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"மாறுறவங்க எல்லாரும் உங்களுக்குத் துரோகிதானாப்பா?" என்று கேட்டவள், அன்று சாயங்காலமே உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒரு ஆல்பத்துக்கு இவ்வளவு கோபமா என்று உன் அண்ணியிடம் புலம்பினேன். "கிளினிக்கை விட்டுட்டு காலேஜ்ல பாடம் எடுக்கப் போறேன்னு உங்ககிட்ட சொன்னாளா இல்லையா? நீங்க என்ன பண்ணீங்க? பாட்டு சவுண்டைக் கூட்டுனீங்க" என்கிறாள். நல்ல பாட்டு வந்தால் கூட்டத்தானே செய்வார்கள்?

உன்னிடம் சொல்வதற்கென்ன, பயமாக இருக்கிறது. பாடகி மாறினால் பழைய ஆல்பமாவது கையில் இருக்கிறது. மகள் மாறிப்போனால் நான் எதைப் போட்டுக் கேட்பேன்? அந்த இரண்டாவது நாற்காலியில் வேறொருத்தரை உட்கார வைக்க எனக்கு மனசு வராது. ஆகவே, அவளுக்குப் புத்தி சொல்லி உடனே அனுப்பிவை. வந்தால் சண்டை போடமாட்டேன். ஆனால் அந்தப் புது ஆல்பம் மட்டும் என் கிளினிக் வாசலை மிதிக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பல் தேய்க்காமல் படுக்க விடாதே. மாப்பிள்ளை கடைவாய்ப் பல்லைக் காட்டாமல் இன்னும் எத்தனை நாள் ஏமாற்றுவார் என்று கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
பிடிவாதம் என்றால் என்னவென்றே தெரியாத
உன் அண்ணன்.

பி.கு.: இன்னும் நாலு குறை கண்டுபிடித்து எழுதலாம் என்று, நோயாளிகள் போனபின் புது ஆல்பத்தைப் போட்டேன். மூன்றாவது பாட்டில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கிறது. முதல் ஆல்பத்திலும் இழுத்திருப்பாள், டிரம்மில் எனக்குத்தான் கேட்கவில்லை. மேலே எழுதியதை மகளிடம் காட்டாதே. அவளை அனுப்பவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். அந்தக் காலேஜ் விஷயத்தை முதலிலிருந்து அவள் சொல்லட்டும். நான் வரும்போது உங்கள் வீட்டு டிவியை மட்டும் அணைத்து வை.