குப்பைக்கு ஒரு மன்னிப்புத் தீர்மானம்

மனிதகுலம் இதுவரை செய்த பாவங்களிலேயே கொடியது, நம் செல்களுக்குள் இருக்கும் ஒருவகை ஆர்.என்.ஏ.வைக் 'குப்பை' என்று அழைத்ததுதான். நரம்பு நோய் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் அப்படித்தான் நம்பினார். புரதம் எதையும் தயாரிப்பதில்லை என்பதற்காக ஒருவரைக் குப்பை என்பதா? நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சை அடைத்தது.

ஆகவே, ஆர்.என்.ஏ.விடம் மன்னிப்புக் கோரும் தீர்மானத்துக்கான கூட்டம் வாரக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது.

"'வருந்துகிறோம்'னு மட்டும் போட்டா மொட்டையா இருக்கு சார்."

"'மனமார' சேர்த்துக்கலாம். ஆனா ஓட்டெடுப்பு வேணும்."

அறைக்கு வெளியே பெஞ்சில் தையல்காரி ஒருத்தி தன் தம்பியுடன் காத்திருந்தாள். தம்பி முடிதிருத்துபவன். நரம்பு நோயில் அவன் கை முதலில் கத்தரிக்கோலை விட்டது, பிறகு சட்டைப் பொத்தானை, இப்போது கரண்டியை. அவனுக்கான ஊசி மருந்து குளிர்பெட்டியில் தயார். இயக்குநர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போட்டுவிடுவார்கள். மருந்தின் பெயரில் 'அடக்கி' என்று வருவது ஆர்.என்.ஏ.வின் மனத்தைப் புண்படுத்துமா என்று துணைக்குழு ஒன்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததால், அவர் சொல்லவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சார், தம்பிக்கு மருந்து..."

"உட்காருங்கம்மா. அந்த ஆர்.என்.ஏ. எப்பேர்ப்பட்டது தெரியுமா?" இயக்குநருக்குக் கண் கலங்கியது. "தானா ஒண்ணும் செய்யாது. ஆனா யாரு எதைச் செய்யணும், எப்போ செய்யணும்னு முடிவு பண்றதே அதுதான்!"

"அப்புறம் ஏன் சார் தம்பிக்கு இப்படி ஆச்சு?"

"அவன் உடம்புல அது அளவு மீறிடுச்சு. புரதம் செய்யச் சொல்லிப் போற சேதியை எல்லாம் வழியிலேயே மறிச்சுப் பிடிச்சு வெச்சுக்குது. கீழே ஒரு வேலையும் நடக்க மாட்டேங்குது. நரம்பு செல் காத்துக் காத்தே செத்துப்போகுது."

குழுவினர் மேசையைத் தட்டி ஆமோதித்தனர். இவ்வளவு தெளிவாக அவர் விளக்கி யாரும் கேட்டதில்லை.

"இந்த மருந்து என்ன பண்ணும்?"

"அதை அடக்கிடும். சேதி போய்ச் சேர்ந்துடும்."

சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்ற தம்பியை அக்கா பார்த்தாள். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ முதல் ஊசியை நீங்க போட்டுக்கங்க சார். அதுக்கப்புறம் தம்பிக்குத் தன்னால கிடைச்சுடும்."